மகாராஜாவும் வாடிக்கைப் பயணிகளும்: ஏர் இந்தியா மீதான பயணியர் விசுவாசத்தின் வரலாறு

ஏர் இந்தியா 1953 முதல் 2022 வரை இந்திய அரசின் உடைமையாக இருந்த விமான நிறுவனம். ஆசியாவின் சிறந்த விமான சேவைகளுள் ஒன்றாக ஒரு காலத்தில் எண்ணப்பட்ட இந்நிறுவனம், பிற்காலத்தில் தாமதத்துக்கும் உடைந்த இருக்கைகளுக்கும் பெருங்கடனுக்கும் பெயர் பெற்றது. இருந்தும் அதன் வாடிக்கைப் பயணிகளில் ஒரு பெரும் பகுதியினர் நெடுங்காலம் அதை விட்டு விலகவில்லை. அவர்கள் ஏன் தங்கினார்கள், பிறர் ஏன் விலகினார்கள், அவர்கள் தங்கியது நிறுவனத்துக்கு நன்மை செய்ததா என்ற மூன்று கேள்விகளின் வழியே இக்கட்டுரை அந்த விசுவாசத்தின் வரலாற்றை ஆராய்கிறது.

தொடக்கம்: அஞ்சல் பையும் நேரமும்

இந்நிறுவனத்தின் வேர் டாடா குழுமத்தின் விமானப் பிரிவில் இருக்கிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாயின் ஜூகு திடலுக்கு ஒரு சிறிய 'புஸ் மாத்' விமானத்தை ஓட்டிவந்தார். அஞ்சல் பைகளே அதன் சுமை. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். ஆக, இந்தியாவின் முதல் ஒழுங்கான வான் அஞ்சல் பாதைகளுள் ஒன்று சென்னையில்தான் முடிந்தது.

முதல் முழு ஆண்டில் டாடாவின் விமானங்களில் சென்ற பயணிகள் 155 பேர் மட்டுமே. வருவாயின் அடிப்படை அஞ்சல்தான். அஞ்சலுக்கு நேரம் முக்கியம். குறித்த நேரத்தில் வந்துசேர வேண்டும் என்ற ஒழுங்கு பயணிகள் பெருகுவதற்கு முன்பே இந்நிறுவனத்தில் பழக்கமாகிவிட்டது. பின்னாளில் அதன் மீது பயணிகள் கொண்ட நம்பிக்கைக்கு இந்தப் பழக்கமே முதல் அடித்தளம்.

1946இல் டாடா ஏர்லைன்ஸ் பொதுப் பங்கு நிறுவனமாக மாறி ஏர் இந்தியா என்ற பெயரைப் பெற்றது. வெளிநாட்டுச் சேவைக்காக 1948இல் அரசு 49 விழுக்காடு பங்கேற்க, ஏர் இந்தியா இன்டர்நேஷனல் உருவானது. அவ்வாண்டு ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகாத நாட்டின் பெயரைத் தாங்கிய விமானம் லண்டனில் இறங்கியது அன்றைய இந்தியர்களுக்குப் பெரும் பெருமிதம்.

மகாராஜாவின் காலம்

1946இல் நிறுவனத்தின் வணிகப் பிரிவைச் சேர்ந்த பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து 'மகாராஜா' என்ற சின்னத்தை உருவாக்கினர். தலைப்பாகை, முறுக்கு மீசை, குனிந்த வணக்கம் என்று அமைந்த அந்தக் குள்ள உருவம் எந்த அரசரையும் குறித்ததல்ல. பயணியை அரசரைப் போல நடத்துவோம் என்ற உறுதிமொழியே அதன் உட்பொருள்.

அந்த உறுதிமொழி வெறும் விளம்பரமாக நின்றுவிடவில்லை. தலைவராக இருந்த ஜே. ஆர். டி. டாடா தாமே பயணியாக அமர்ந்து பறந்து, இறங்கியதும் குறிப்புகள் எழுதி அனுப்புவார். விமானத்தில் தரப்பட்ட தேநீரின் நிறம், திரைச்சீலையின் நிலை, பணியாளரின் நடத்தை என எதுவும் அவர் கண்ணிலிருந்து தப்பவில்லை. புகார் சொல்ல வேண்டியவர் பயணி, அதைக் கேட்க வேண்டியவர் தலைவர் என்ற நிலையில், இங்கு இருவரும் ஒருவராகவே இருந்தனர்.

1960இல் போயிங் 707 விமானங்கள் வந்தன. ஆசிய விமான நிறுவனங்களில் ஜெட் விமானத்தை முதலில் இயக்கியது ஏர் இந்தியாதான். அதே ஆண்டில் நியூயார்க் சேவை தொடங்கியது. 1962இல் முழுவதும் ஜெட் விமானங்களையே இயக்கும் நிறுவனமாகியது. 1971இல் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 வந்து சேர்ந்தது. அக்காலத்தில் ஏர் இந்தியாவில் அடிக்கடி பறந்தவர்கள் அரசு உயர் அலுவலர்கள், வணிகர்கள், கலைஞர்கள், வெளிநாட்டுப் பயணிகள் ஆகியோரே. அவர்களுக்கு பான் அமெரிக்கன், பி.ஓ.ஏ.சி. முதலிய வேறு நிறுவனங்களில் செல்லும் வாய்ப்பும் இருந்தது. வேறு வழி இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால், அவர்களுடைய விசுவாசம் சேவை ஈட்டித் தந்த விசுவாசம் என்று கொள்ளலாம்.

நாட்டுடைமையும் இருவேறு நிறுவனங்களும்

1953ஆம் ஆண்டு வான் கழகங்கள் சட்டம் விமானத்துறையை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. உள்நாட்டில் இயங்கிய எட்டு நிறுவனங்களின் சேவைகள் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே கழகமாயின. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியா இன்டர்நேஷனலிடம் சென்றது. பின்னர் 1962இல் அதன் பெயர் ஏர் இந்தியா எனச் சுருங்கியது. நாட்டுடைமையாக்கத்தை எதிர்த்த டாடா, அரசு கேட்டுக்கொண்டதால் தலைவர் பொறுப்பில் தொடர்ந்தார்.

ஒரே சட்டத்தின்கீழ் அமைந்த இரு கழகங்களும் இருவேறு சூழல்களில் இயங்கின. ஏர் இந்தியா வெளிநாட்டு நிறுவனங்களுடன் போட்டியிட வேண்டியிருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போட்டியே இல்லை. சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் செல்ல விரும்புபவருக்கு அது ஒன்றே வழி. விமானம் தாமதமானால் காத்திருக்கலாம், இல்லையேல் ரயிலுக்குப் போகலாம். ஆண்டுக்கு ஐம்பது முறை இந்தியன் ஏர்லைன்ஸில் பறந்தவரை அதன் விசுவாசி என்று சொல்ல முடியாது. போக்கிடம் இல்லாதவர் திரும்பத் திரும்ப வருவதும், விரும்பி வருபவர் திரும்பத் திரும்ப வருவதும் கணக்கேட்டில் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். பிற்காலக் குழப்பங்களுக்கு இந்த மயக்கமும் ஒரு காரணம்.

1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு டாடாவைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, சனவரி 1 அன்று, 'எம்பரர் அசோகா' பம்பாய் அருகே கடலில் விழுந்து 213 பேர் இறந்திருந்தனர். 1980இல் இந்திரா காந்தி அரசு டாடாவை மீண்டும் இயக்குநர் குழுவில் சேர்த்தாலும் தலைவர் பொறுப்பு அவரிடம் திரும்பவில்லை. அதன்பின் தலைமை அடிக்கடி மாறியது. நிறுவனத்துக்கென நீண்டகாலப் பொறுப்பேற்று நிற்கும் ஒருவர் இல்லாமற் போனார். தேநீரின் நிறத்தைப் பற்றிக் குறிப்பு எழுதும் வழக்கமும் அவரோடு போயிற்று.

1985 சூன் 23 அன்று 'கனிஷ்கா' விமானம் குண்டுவெடிப்பால் அயர்லாந்துக் கரைக்கப்பால் வீழ்ந்து 329 பேர் உயிரிழந்தனர். இது சேவைக் குறையால் நிகழ்ந்ததன்று, திட்டமிட்ட பயங்கரவாதம். தேசத்தின் பெயரைத் தாங்கும் நிறுவனம் தேசத்தின் பகைகளையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது என்பதை அது உணர்த்தியது.

1990: அம்மானில் இருந்து வந்த விமானங்கள்

1970களில் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றோர் பெருகினர். ஏர் இந்தியாவின் பயணிகள் கூட்டம் இதனால் மாறியது. கோட்டு அணிந்த வணிகரின் இடத்தில் கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், பஞ்சாப் பகுதிகளைச் சேர்ந்த தொழிலாளர்கள் அமர்ந்தனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் அவர்களுக்குச் சேவையின் நேர்த்தியைவிடக் கட்டணமும் பெட்டியின் எடை வரம்பும் முக்கியமாக இருந்தன.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த இந்தியர்கள் தவித்தனர். அவர்கள் சாலை வழியாக ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்தார்கள். அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 488 முறை விமானங்கள் இயக்கப்பட்டு, 1,11,000க்கும் மேற்பட்டோர் தாயகம் கொண்டுவரப்பட்டனர். குடிமக்களை மீட்பதற்காகப் பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டவற்றுள் உலகின் மிகப் பெரிய முயற்சியாக இது பதிவாகியுள்ளது. வேலையையும் சேமிப்பையும் இழந்து ஒரு கைப்பையுடன் ஏறியவருக்கு அந்த விமானத்தின் இருக்கை கிழிந்திருந்ததா என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

தேசிய விமான நிறுவனம் எதற்கு என்ற வினாவுக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் விடை இந்நிகழ்வுதான். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது 'வந்தே பாரத்' திட்டத்தின்கீழ் ஏர் இந்தியாவும் அதன் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவந்தன. விசுவாசத்தின் இந்த வகை நன்றியிலிருந்து பிறப்பது. நெருக்கடியில் அது வலுவாக இருக்கும். அடுத்த ஆண்டு விடுமுறைக்குச் சீட்டு வாங்கும்போது எவ்வளவு தூரம் அது தாங்கும் என்பது வேறு கேள்வி.

புள்ளிகளில் அளந்த விசுவாசம்

அமெரிக்காவில் 1978இல் விமானத்துறையின் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. போட்டி பெருகியதும் அடிக்கடி பறப்பவர்களைத் தக்கவைக்க நிறுவனங்கள் வழி தேடின. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம் உலகெங்கும் முன்மாதிரியானது. பறந்த தூரத்துக்கேற்ப மைல்கள் கணக்கில் சேரும். போதிய அளவு சேர்ந்தால் இலவசப் பயணம் கிடைக்கும். அடிக்கடி பறப்பவருக்கு வெள்ளி, தங்கம் எனத் தகுதி நிலைகளும், ஓய்வறை, கூடுதல் பெட்டி, தனி வரிசை முதலிய சலுகைகளும் உண்டு. ஏர் இந்தியாவும் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் இத்தகைய திட்டத்தை நடத்தியது.

இத்திட்டங்களின் இயக்கம் எளிது. சேர்த்த மைல்கள் அந்நிறுவனத்திடம் மட்டுமே செல்லும் நாணயம் போன்றவை. குறித்த காலத்துக்குள் செலவிடாவிட்டால் காலாவதியாகும். எத்தனை மைலுக்கு எந்தச் சீட்டு என்பதை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றலாம். கைவிட்டுப் போனால் சேர்த்தது வீணாகும் என்ற அச்சமே பயணியைக் கட்டிப்போடுகிறது. இது விசுவாசமா, சிறைப்பட்ட முதலீடா என்ற ஐயம் எழுவது இயல்பே.

தனியார் நிறுவனங்களிடம் வைத்த விசுவாசம் இதைவிடப் பாதுகாப்பானதாகவும் இல்லை. கிங்ஃபிஷர் 2005இல் தொடங்கி, ஆடம்பர சேவையால் ஏராளமான வாடிக்கைப் பயணிகளை ஈர்த்து, 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதன் உறுப்பினர்கள் சேர்த்த புள்ளிகள் பயனற்றுப் போயின. 1993இல் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் கால் நூற்றாண்டுக்குப் பின் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அரசு நிறுவனம் மெதுவாகத் தேய்ந்தாலும் ஒரே இரவில் மறையாது என்பது ஏர் இந்தியாவில் தங்கிய பலருக்கு ஒரு கணக்காக இருந்தது.

போட்டியும் இணைப்பும்

1994 மார்ச்சில் வான் கழகங்கள் சட்டம் நீக்கப்பட்டு உள்நாட்டு வான்வழி சட்டப்படி திறந்தது. ஜெட் ஏர்வேஸ் போன்றவை அதற்கு முன்பே 'ஏர் டாக்சி' என்ற பெயரில் பறக்கத் தொடங்கியிருந்தன. இந்தியன் ஏர்லைன்ஸின் பயணிகள் முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்த்தனர். நேரத்துக்குப் புறப்படும் விமானம், தூய்மையான இருக்கை, முகம் சுளிக்காத பணியாளர் ஆகியவை இந்தியாவிலும் இயலும் எனத் தெரிந்தது. பிறகு 2003இல் ஏர் டெக்கான், 2005இல் ஸ்பைஸ்ஜெட், 2006இல் இண்டிகோ வந்தன. கட்டணம் சரிந்தது. 2012இல் இண்டிகோ உள்நாட்டுச் சந்தையில் முதலிடம் பிடித்தது.

வெளிநாட்டுப் பாதைகளில் போட்டி வளைகுடாவிலிருந்து வந்தது. 1985இல் தொடங்கிய எமிரேட்ஸ், சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலிருந்து பயணிகளை துபாய்க்கு அழைத்துச் சென்று ஐரோப்பா, அமெரிக்கா நோக்கி அனுப்பியது. இந்தியா பிற நாடுகளுடன் செய்துகொள்ளும் இருதரப்பு ஒப்பந்தங்கள் எத்தனை இருக்கைகள் அனுமதிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அவ்வொப்பந்தங்களில் காட்டப்பட்ட தாராளம் ஏர் இந்தியாவைப் பாதித்தது என்பது தணிக்கையாளர்களும் தொழிற்சங்கங்களும் எழுப்பிய குற்றச்சாட்டு. சென்னைப் பயணிக்கு இதன் பொருள் வேறு. டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மாறுவதைவிட துபாயில் மாறுவது அவருக்கு எளிதாகிவிட்டது.

இச்சூழலில் ஏர் இந்தியாவுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்குமாக 111 புதிய விமானங்களை வாங்க அரசு முடிவெடுத்தது. பெரும் பகுதி கடனில் வாங்கப்பட்டது. 2007இல் இரு நிறுவனங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. விமான வகைகள், ஊதிய முறைகள், பதவி உயர்வு விதிகள், கணினி அமைப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருந்த இரு அமைப்புகளை ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்ததால் சண்டை உள்ளே புகுந்தது. ஊதிய ஏற்றத்தாழ்வைக் காட்டி 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். புதிய டிரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்ற பிணக்கில் 2012இல் பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாட்கள் வேலையை நிறுத்தினர். கோடை விடுமுறைக்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டனர். விமானம் வாங்கிய முறையையும் இணைப்பையும் 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடுமையாக விமர்சித்தது.

வாடிக்கைப் பயணிகளின் தராசு

இத்தனைக்கும் பிறகு தங்கியவர்கள் ஏன் தங்கினார்கள்? அவர்களுடைய காரணங்களைத் தனித்தனியே பார்ப்பது நலம்.

முதலாவது, நேரடிப் பயணம். டெல்லியிலிருந்து நியூயார்க், சிகாகோ, 2015 முதல் சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களுக்கு இடைநில்லாமல் செல்லும் விமானங்களை ஏர் இந்தியா இயக்கியது. அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதிய பெற்றோர், மொழி தெரியாத அயல்நாட்டு விமான நிலையத்தில் வாயில் தேடி அலைய வேண்டியதில்லை. தமக்குப் பழகிய உணவு கிடைக்கும். இந்தி தெரியாத தமிழ் மூதாட்டிக்கு டெல்லியும் ஓரளவு அயலூர்தான். என்றாலும் உதவிக்கு ஒரு தமிழரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அங்கு அதிகம்.

இரண்டாவது, கூட்டணி. 2014 சூலையில் ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸ் என்னும் உலகக் கூட்டணியில் சேர்ந்தது. இங்கு சேர்த்த மைல்களை லுஃப்தான்சாவிலோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலோ செலவிட முடிந்தது. சேவை பிடிக்காத நிறுவனத்தில் பறந்து, பிடித்த நிறுவனத்தில் அதன் பலனை அனுபவிக்கும் விந்தையான விசுவாசம் இதனால் உருவானது.

மூன்றாவது, பெட்டிகளும் கட்டணமும். திருச்சிராப்பள்ளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கிருந்து துபாய், சிங்கப்பூர் போன்ற நகரங்களுக்கு 2005இல் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்கள் செல்கின்றன. தஞ்சை, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பகுதித் தொழிலாளர் சென்னைக்குப் பேருந்தில் எட்டு மணி நேரம் போவதற்குப் பதிலாக ஊருக்கு அருகிலேயே ஏறி இறங்க முடிந்தது. அவருடைய தேர்வில் தேசப் பெருமிதத்தைவிடப் பேருந்துச் செலவுக்கே எடை அதிகம்.

நான்காவது, பழைய பற்று. தேசியக் கொடியைப் பார்ப்பது போல மகாராஜாவைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். குறை சொல்வதும் விடாமல் பறப்பதும் அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன. வீட்டுப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவார்கள், அடுத்தவர் திட்டினால் பொறுக்க மாட்டார்கள்.

இந்நான்கில் கடைசி ஒன்றைத்தான் விசுவாசம் என்று முழுமையாகச் சொல்ல இயலும். மற்ற மூன்றும் பயன் பற்றிய கணக்குகள். அதே பயனை வேறொருவர் தந்தால் அவை இடம் மாறிவிடும்.

ஆணையால் வந்த விசுவாசம்

ஐந்தாவதாக ஒரு காரணமும் இருந்தது. 2009 சூலையில் மத்திய நிதி அமைச்சகம், அரசு ஊழியர்கள் அலுவல் பயணத்துக்கும் விடுமுறைப் பயணச் சலுகைக்கும் ஏர் இந்தியாவிலேயே பறக்க வேண்டும் என ஆணையிட்டது. அது பறக்காத இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அலுவல் பயணத்தில் சேரும் மைல் புள்ளிகளை ஊழியர் தம் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் இருந்தது. அமைச்சகங்கள் பல நேரங்களில் சீட்டுக்கு உடனே பணம் தராமல் கடன் வைத்தன. முக்கியப் பிரமுகர்களின் தனி விமானச் செலவுகளும் நிலுவையில் நின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நிறுவனத்துக்குச் செய்த உதவி. ஆழ்ந்து நோக்கினால் தீங்கும் உண்டு. எப்படி நடத்தினாலும் வந்தே தீரும் பயணியின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. டெல்லிக்குச் செல்லும் விமானத்தின் முன் வரிசைகள் ஆணையால் நிறையும்போது, பின் வரிசைகள் ஏன் காலியாகின்றன என்ற கேள்வி கூர்மை இழக்கிறது.

வெளியேறுவோரும் குரல் கொடுப்போரும்

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட ஒரு நூலில் இத்தகைய நிலையை விளக்கினார். தரம் குறையும் நிறுவனத்தை எதிர்கொள்ள வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு: வெளியேறுவது, அல்லது தங்கிக் குரல் கொடுப்பது. விசுவாசம் வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு நேரம் தருகிறது. நைஜீரியாவின் ரயில்வேயை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். லாரிகளின் போட்டி வந்த பின்பும் அந்த ரயில்வே திருந்தவில்லை. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுவோர் முதலில் லாரிக்குப் போய்விட்டனர். அவர்கள்தான் உரத்துப் புகார் சொல்லக்கூடியவர்கள். இழப்பை அரசுக் கருவூலம் ஈடுகட்டியதால் வருவாய்க் குறைவும் நிர்வாகத்தை அச்சுறுத்தவில்லை.

ஏர் இந்தியாவில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. தரத்தைக் கருதிய வணிகப் பயணிகள் முதலில் ஜெட் ஏர்வேஸுக்கும் எமிரேட்ஸுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கும் சென்றனர். தங்கியவர்களுள் ஒரு சாராருக்கு வேறு வழியில்லை, ஒரு சாராருக்கு ஆணை. மனமார்ந்த விசுவாசிகளின் குரல் ஒலித்தது. ஆனால் அதைக் கேட்டுத் திருத்தும் அதிகாரம் கொண்டவர் நிறுவனத்துக்குள் நிலைத்து இல்லை. இழப்பைக் கருவூலம் ஏற்றது. 2012இல் அரசு ஒப்புதல் அளித்த மீட்புத் திட்டத்தில் மட்டும் 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பல ஆண்டுகளில் வழங்க உறுதியளிக்கப்பட்டது.

அந்தப் பணம் யாருடையது என்பதே இவ்வரலாற்றின் கனமான பகுதி. வாழ்நாளில் விமானத்தில் ஏறாத கோடிக்கணக்கானோர், தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டிய வரியிலிருந்தும் அது வந்தது. வாடிக்கைப் பயணி நிறுவனத்தை விட்டுப் போகலாம். வரி கட்டுபவருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு வெளியேற்றமும் இல்லை, விமானத்துக்குள் ஒலிக்கும் குரலும் இல்லை.

விற்பனை

தனியாருக்கு விற்கும் முயற்சி முன்பே நடந்திருந்தது. 2001இல் டாடா குழுமத்துடன் சேர்ந்து பங்கு வாங்க முன்வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எதிர்ப்புகளைக் கண்டு விலகியது. 2018இல் 76 விழுக்காட்டுப் பங்கை விற்க அரசு அழைத்தபோது ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. 2020இல் முழுப் பங்கையும் விற்க முடிவாகி, 2021 அக்டோபர் 8 அன்று டாடா குழுமத்தின் 18,000 கோடி ரூபாய் ஏலம் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதில் 15,300 கோடி கடனை ஏற்பது, 2,700 கோடி ரொக்கம். 2021 ஆகஸ்ட் இறுதியில் மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா ஏற்றது போக எஞ்சிய 46,262 கோடி, அரசு இதற்கென அமைத்திருந்த தனி நிறுவனத்திடம் சென்றது.

அறிவிப்பு வந்த அதே மாதம் 27ஆம் நாள், அமைச்சகங்கள் ஏர் இந்தியாவுக்கான நிலுவைகளைச் செலுத்தி, இனிச் சீட்டுகளைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும் என நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. கடனுக்கு ஓடிய விசுவாசம் அன்றோடு முடிந்தது. 2022 சனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது.

அதன் பின்னர்

2023இல் 470 விமானங்களுக்கு ஆணை அளிக்கப்பட்டது. 2024 நவம்பரில், டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. நல்ல சேவைக்குப் பெயர் பெற்ற விஸ்தாராவின் வாடிக்கைப் பயணிகள் பலர், பெரியது சிறியதை உயர்த்துமா, சிறியது பெரியதில் கரைந்துவிடுமா எனக் கவலைப்பட்டனர். அவ்வாண்டிலேயே மைல் திட்டமும் மாறியது. பறந்த தூரத்துக்குப் பதில் செலவிட்ட பணமே புள்ளிகளுக்கு அளவுகோலானது. மலிவுச் சீட்டில் அடிக்கடி பறப்பவரைவிட விலையுயர்ந்த சீட்டில் எப்போதாவது பறப்பவருக்கு மதிப்புக் கூடியது. வருகைக்குத் தந்த மதிப்பு பணத்துக்கு மாறியது எனலாம்.

உடைமை மாறியதும் குறைகள் மறைந்துவிடவில்லை. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த 80 வயதுப் பயணி ஒருவர், சக்கர நாற்காலிகள் போதாமையால் குடிநுழைவுப் பகுதி வரை நடந்து சென்று சரிந்து உயிரிழந்தார். விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. நேரடி விமானத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கும் முதியோர், எந்த உதவியை நம்பி வருகிறார்களோ அதே உதவி தவறிய நிகழ்வு அது. 2025 சூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டன் புறப்பட்ட விமானம் வீழ்ந்ததில், அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். தரையில் இருந்தோரும் இறந்தனர். பயணியின் தராசில் உணவு, இருக்கை, புள்ளிகள் எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கப்பட வேண்டியது எது என்பதை அந்த நாள் நினைவூட்டியது.

மதிப்பீடு

ஏர் இந்தியாவின் வரலாற்றில் விசுவாசம் என்ற ஒரே சொல் வெவ்வேறு பொருள்களில் வழங்கியிருக்கிறது. 1960களில் அது சேவைக்குக் கிடைத்த பரிசு. இந்தியன் ஏர்லைன்ஸின் தனியுரிமைக் காலத்தில் அது வேறு வழியின்மை. 1990இல் அது நன்றி. மைல் திட்டத்தில் அது சேமிப்பு. 2009க்குப் பின் அரசு ஊழியருக்கு அது ஆணை. இவை அனைத்தையும் நிர்வாகமும் அரசும் ஒரே கணக்கில் சேர்த்து, தேசம் தன் விமான நிறுவனத்தை விரும்புகிறது என்று பொருள் கொண்டன. விரும்பி வந்தவர் எத்தனை பேர், வேறு வழியின்றி வந்தவர் எத்தனை பேர் எனப் பிரித்துப் பார்த்திருந்தால் சரிவு பல ஆண்டுகள் முன்பே புலப்பட்டிருக்கும்.

இன்று இந்தியாவில் அரசுக்குச் சொந்தமான பெரிய பயணிகள் விமான நிறுவனம் இல்லை. நெருக்கடி வரும்போது மீட்பு விமானங்களை இயக்கும்படி அரசு எந்த நிறுவனத்தையும் கேட்கலாம், அதற்கான செலவையும் தரலாம். உள்நாட்டு வான்வழியோ இப்போது இண்டிகோ, ஏர் இந்தியா என்ற இரு குழுமங்களின் கையில் பெரிதும் ஒடுங்கியிருக்கிறது. போட்டி இவ்வாறு குறையும்போது, திரும்பத் திரும்ப வரும் பயணியை விசுவாசி என்று எண்ணும் பழைய மயக்கம் தனியார் நிறுவனங்களுக்கும் வரக்கூடும். போக வேறு இடம் இருந்தும் ஒருவர் வருகிறாரா என்பதே அதைத் தீர்க்கும் உரைகல்.